இறுகிய உருக்கும் கந்தக வாயுவும்

கம்மாலையிலே கொல்லன் கத்தி அடிப்பதை நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். உலையிற் செக்கச்செவேலெனக் காய்ந்த அலகைக் குறட்டினாற் பற்றி எடுத்து, அருகிலிருக்கும் தொட்டித் தண்ணீரிலே சட்டென்று அமிழ்த்துகின்றான். சுர்ரென்ற ஓசையோடு ஆவி எழுகின்றது. அந்த ஒரு கணத்தில் இரும்பின் இயல்பே மாறிவிடுகின்றது. இதனைத் தோய்ச்சல் என்பர். தோய்ச்சல் பெற்ற அலகு கடினமானது, எதனையும் வெட்டும். ஆயின் கருங்கல்லிலே தவறி விழுந்தாற் கண்ணாடிபோல் உடைந்தும் போகும். ஆதலினாலேயே கைதேர்ந்த கொல்லன் அதனை மீண்டும் இளஞ்சூட்டிற் காட்டி, கடினத்திற் சிறிது குறைத்து எடுப்பான். கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்கிக்கொள்ளும் பேரம் அது.

கொல்லன் தன் தந்தையிடம் கற்ற இந்தப் பேரத்தை, உலகின் மிகப் பெரிய கைத்தொழில்களுள் ஒன்று மறந்ததும், உயிர்களையும் பெரும் பொருளையும் இழந்து மீண்டும் மீண்டும் கற்றுக்கொண்டதுமே நிலநெய்க் குழாய்களின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதியாகும்.

நிலத்தின் ஆழத்திலிருந்து கிடைக்கும் எண்ணெயும் இயற்கை வாயுவும் எல்லா இடத்திலும் ஒரே தன்மையனவல்ல. கந்தகக் கலப்பில்லாத வாயுவை எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் 'இனிப்பு' வாயு என்றனர். கந்தகம் சேர்ந்ததைப் 'புளிப்பு' வாயு என்றனர். வேடிக்கையான பெயர்தான். ஆனால் அந்தப் புளிப்புக்குக் காரணமான ஐதரசன் சல்பைட்டு வேடிக்கையானதன்று. அழுகிய முட்டையின் நாற்றம் அதன் நாற்றம். மிகச் சொற்பமாக இருக்கும்போது மூக்கு அதனைக் கண்டுகொள்ளும். காற்றில் பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறியதும் மணம் அறியும் நரம்பே மரத்துப்போகின்றது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுகிறவன் உண்மையில் ஆபத்தின் நடுவே நிற்கின்றான். பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு அளவை எட்டினால் ஒரு சில மூச்சுக்களிலேயே மனிதன் வீழ்ந்துவிடுவான். புளிப்பு வாயு வயல்கள் சிலவற்றில் இந்த நஞ்சு வாயுவில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேலும் கலந்திருக்கின்றது. அதனை உள்ளே அடக்கிவைத்திருப்பது குழாயின் உருக்குச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரையே அதே வாயு உள்ளிருந்து கெடுக்கின்றது என்பதிலேதான் கதை தொடங்குகின்றது.

இந்தக் கேட்டின் முதல் தடயம் எண்ணெய்க் கிணற்றிலே கிடைத்ததன்று. இங்கிலாந்தில் இரும்புக் கம்பிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியிலே கிடைத்தது. 1875ஆம் ஆண்டு வில்லியம் எச். ஜோன்சன் என்பவர் அங்குள்ள ரோயல் சங்கத்தின் வெளியீட்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அமிலத்திற் சிறிது நேரம் தோய்த்த கம்பி, துரு ஒன்றும் பெரிதாகத் தெரியாதிருந்தும், வளைத்தவுடன் முறிந்துபோவதை அவர் கண்டார். முறிந்த வாயை நனைத்துப் பார்த்தபோது அதிலிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் நுரைத்து வந்தன. அந்தக் கம்பியையே சில நாட்கள் சும்மா விட்டுவைத்தால் பழைய வளையும் தன்மை திரும்பிவந்தது. அமிலம் இரும்பைத் தின்னும்போது பிறக்கும் ஐதரசன் இரும்புக்குள்ளே குடிபுகுந்துவிடுகின்றது என்றும், அதுவே இரும்பை நொறுங்கச் செய்கின்றது என்றும் அவர் முடிவு கட்டினார். மெல்லிரும்பைவிட உருக்கே இதனால் அதிகம் கெடுகின்றது என்பதையும் அவர் குறித்துவைத்தார். அக்காலத்தில் அதனைப் பெரிதுபடுத்தியவர் சிலரே.

இரும்பு திண்மமான பொருள். அதற்குள் வாயு எப்படிப் புகும் என்று கேட்போர் வியக்கலாம். ஐதரசன் அணு எல்லா அணுக்களிலும் சிறியது. அது தனித்து இருக்குமட்டும் இரும்பணுக்களின் இடைவெளிகளினூடே நழுவிச் செல்ல வல்லது. சாதாரணமாக இரும்பின் மேற்பரப்பிற் பிறக்கும் ஐதரசன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடிக் குமிழியாகி வெளியேறிவிடும். கந்தகம் அருகில் இருந்தாலோ அந்தக் கூடலைத் தடுத்துவிடுகின்றது. வாசல் அடைபட்ட கூட்டம் வேறு வழியின்றி வீட்டுக்குள்ளே நெருக்குவதுபோல, தனித்து நின்ற அணுக்கள் உருக்கினுள்ளே புகுகின்றன. உருக்கு மென்மையாக இருந்தால், ஓரளவுக்கு அந்த விருந்தினரை அது தாங்கிக்கொள்ளும். தோய்ச்சல் பெற்றதுபோல் இறுகி, அதோடு இழுவிசைக்கும் உட்பட்டிருந்தால், எங்கோ ஓர் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். அந்த வெடிப்பின் முனையிலே ஐதரசன் மேலும் சேரும். வெடிப்பு மேலும் நீளும். வெளியே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துருப்பிடித்துத் தேயும் குழாய் பல ஆண்டுகளாக எச்சரிக்கை தந்து மெலியும். இந்த வகையில் வெடிக்கும் குழாய் தடிப்புக் குறையாமல், நிறம் மாறாமல், ஒருநாள் திடீரென்று பிளக்கும்.

இனிப் பற்றவைப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பழைய நாளிற் குழாய்களைப் புரியிட்டு முறுக்கியும், தகடுகளைத் தறையாணி அடித்தும் இணைத்தனர். இருபதாம் நூற்றாண்டிலே மின்வில்லினால் உலோகத்தை உருக்கி ஒட்டும் முறை, பேச்சுவழக்கில் 'வெல்டிங்' எனப்படுவது, அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இணைப்பு விரைவானது, ஒழுக்கற்றது, செலவு குறைந்தது. ஆனால் அதில் ஒரு சூழ்ச்சி மறைந்திருந்தது. மின்வில் படும் இடத்தில் உருக்கு உருகி ஓடுகின்றது. அதன் இரு கரையிலும் ஒரு சில மில்லிமீற்றர் அகலமான விளிம்பு, உருகாவிட்டாலும், செக்கச்செவேலெனக் காய்கின்றது. அதற்கு அப்பால் உள்ள குழாய் முழுவதும் குளிர்ந்தே கிடக்கின்றது. வில் நகர்ந்தவுடன் அந்தக் குளிர்ந்த உலோகம் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. கொல்லனின் தண்ணீர்த் தொட்டி செய்யும் வேலையைக் குழாயே செய்துவிடுகின்றது. அதாவது, எவரும் விரும்பாமல், எவர் கண்ணுக்கும் தெரியாமல், ஒட்டின் கரையிலே ஒரு தோய்ச்சல் நடந்துவிடுகின்றது. அங்கே உருவாகும் ஊசிமுனை போன்ற கடினமான அமைப்புக்கு, செருமானிய ஆராய்ச்சியாளர் அடொல்ப் மார்ட்டென்சின் பெயரால் மார்ட்டென்சைற்று என்று பெயர் வழங்குகின்றது. கொல்லன் பின்னர் இளஞ்சூடு காட்டுவான் என்றோமே. பற்றவைப்பவன் அதனைச் செய்யாமற் போனால் அந்த விளிம்பு கண்ணாடித் தன்மையோடே நின்றுவிடும்.

எந்த உருக்கு இவ்வாறு அதிகம் இறுகும், எது இறுகாது என்பதை முன்கூட்டியே கணிக்க வழியொன்று வேண்டியிருந்தது. 1940ஆம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த பிரித்தானியாவிலே, டியர்டன், ஓ'நீல் என்னும் இருவர் அதற்கு ஒரு கணக்கைத் தந்தனர். உருக்கை இறுகச் செய்வதில் முதன்மையானது காபன். மங்கனீசு, குரோமியம், நிக்கல் முதலியனவும் ஒவ்வோர் அளவுக்கு அதே வேலையைச் செய்வன. எனவே அவற்றையெல்லாம் காபனுக்கு ஈடாக மாற்றிக் கூட்டிவிட்டால், அந்த ஒரே எண் உருக்கின் குணத்தைச் சொல்லிவிடும். சர்வதேசப் பற்றவைப்பு நிறுவகம் 1967இல் ஏற்றுக்கொண்ட வடிவத்தில், காபனின் வீதத்தோடு மங்கனீசில் ஆறிலொரு பங்கும், குரோமியம், மொலிப்தனம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டில் ஐந்திலொரு பங்கும், நிக்கல், செம்பு ஆகியவற்றின் கூட்டிற் பதினைந்திலொரு பங்கும் சேர்க்கப்படும். இதற்குக் 'காபன் சமவலு' என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக்கூடிய இக்கணக்கு, உலகெங்கும் குழாய் வாங்குவோர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது.

கணக்கு ஒருபுறம் வளர, இயற்கை தன் பாடத்தை வேறொரு புறத்திலே புகட்டியது. பிரான்சு நாட்டின் தென்மேற்கே, பிரனீசு மலைத்தொடரை நோக்கிய சமவெளியிலே லாக் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. போ நகருக்கு அருகில் உள்ளது. 1949ஆம் ஆண்டு முடிவில் அங்கே அதிக ஆழமில்லாத இடத்தில் எண்ணெய் அகப்பட்டது. இன்னும் கீழே என்ன உண்டு என்று பார்க்க மூன்றாவது கிணற்றைத் துளைத்துக்கொண்டே சென்றனர். 1951ஆம் ஆண்டு மார்கழி மாதம், 3500 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், துளைகோல் ஒரு பெரும் வாயுத் தேக்கத்தைத் தொட்டது. 650 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அமுக்கத்தோடு வாயு சீறி எழுந்தது. அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஐதரசன் சல்பைட்டு. அத்துணை ஆழமும், அத்துணை அமுக்கமும், அத்துணை நஞ்சும் ஒருங்கே சேர்ந்த கிணற்றை ஐரோப்பா அதற்குமுன் கண்டதில்லை. எண்ணெய்க் கிணற்றுத் தீயை அணைப்பதிற் பேர்பெற்ற அமெரிக்கர் மைரன் கின்லி வரவழைக்கப்பட்டார். பெரும் போராட்டத்தின் பின் கிணறு அடக்கப்பட்டது.

கிணறு அடங்கியது, கேள்வி அடங்கவில்லை. அந்த வாயுவைத் தொட்ட உருக்குக் குழாய்கள் கண்ணாடிபோல் உடைந்திருந்தன. பிரெஞ்சுக்காரருக்கு முன்னே கிடந்தது பெரும் புதையல்; அதனை மேலே கொண்டுவரும் பாத்திரமோ இல்லை. பலம் வாய்ந்த உருக்கைக் கொண்டுவந்தாற் போதும் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றக்கூடிய எண்ணம். அமுக்கம் அதிகம், ஆழம் அதிகம். ஆகவே பலமும் அதிகம் வேண்டுமல்லவா? அந்த நியாயமான எண்ணமே பிழையான எண்ணமாயிற்று. பலம் ஏற ஏறக் கடினமும் ஏறியது. கடினம் ஏற ஏற உடைவும் விரைந்தது. உருக்காலைகளோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர் பல்வேறு கலவைகளைச் செய்து சோதித்தனர். லொறேன் மாகாணத்துப் பொம்பே உருக்காலையும், குழாய் செய்யும் வலூரெக் நிறுவனமும் இம்முயற்சியில் முன்னின்றன. ஈற்றிலே குரோமியமும் அலுமினியமும் மொலிப்தனமும் அளவாகச் சேர்ந்த, அதிகம் இறுகாத உருக்கொன்று கிடைத்தது. 1957ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் லாக் வாயு முறையாக வெளிவரத் தொடங்கியது. வாயுவிலிருந்து பிரித்தெடுத்த கந்தகம் மலைமலையாகக் குவிந்தது. சில ஆண்டுகளுள் பிரான்சு கந்தக ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிற்று. தொழிலாளருக்கென்று மூறாங் என்னும் புதிய நகரமே அருகில் எழுந்தது. நஞ்சைப் பிரித்துப் பொன்னாக்கினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஏறக்குறைய அதே காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலும் புளிப்பு வாயுக் கிணறுகளிற் பலமான உருக்குக் குழாய்கள் முறிந்தன. அரிப்பை ஆராய்வதற்கென 1943இல் அமெரிக்காவிலே தோன்றிய பொறியியலாளர் சங்கம் ஒன்று, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் நேஸ் எனப்பட்டது, குழுக்களை அமைத்து அநுபவங்களைத் திரட்டலாயிற்று. எங்கே எந்த உருக்கு உடைந்தது, எங்கே எது நிலைத்தது என்று கணக்கெடுத்தபோது ஓர் எல்லை தெளிவாகத் தெரியவந்தது. ரொக்வெல் அளவில் 22க்கு மேற்படாத கடினமுள்ள காபன் உருக்குக் குழாய்கள் பெரும்பாலும் பிழைத்தன. அதற்கு மேற்பட்டவை அழிந்தன.

அந்த ரொக்வெல் அளவு என்பது யாது? அமெரிக்காவிலே ஹியூ ரொக்வெல், ஸ்ரான்லி ரொக்வெல் என்னும் இருவர் 1914இற் காப்புரிமை கோரிய ஒரு பொறி, சிறு கூம்பு வடிவமான வைரமுனையைக் குறித்த பாரத்தோடு உலோகத்தில் அழுத்துகின்றது. முனை எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைப் பார்த்துக் கடினம் கணிக்கப்படும். பற்றவைப்பின் ஒடுங்கிய விளிம்பை அளக்க, இதனிலும் நுட்பமான விக்கேர்சு முறை உதவியது; அங்கே வைரம் கூர்நுதிக் கோபுரம் போன்றது. ரொக்வெல் 22 என்பது விக்கேர்சு அளவில் ஏறத்தாழ 250. இந்த இரண்டு எண்களும் புளிப்பு வாயுத் தொழிலில் வேதவாக்குப் போலாயின. நேஸ் சங்கம் 1963இற் சில பரிந்துரைகளையும், 1975இல் முறையான நியமம் ஒன்றையும் வெளியிட்டது. 2003ஆம் ஆண்டு அது சர்வதேச நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொருள் எவ்வளவு பலமாயிருக்கவேண்டும் என்றுதான் உலகத்து நியமங்கள் பெரும்பாலும் கட்டளையிடும். இவ்வளவுக்கு மேற் கடினமாயிருத்தல் ஆகாது என்று கட்டளையிட்டதில் இது தனித்து நிற்கின்றது.

எல்லையை எழுதிவைத்தல் எளிது. பாலைவனத்திலோ பனிவெளியிலோ குழாய் ஒட்டும் ஒருவன் அதனை ஒவ்வோர் ஒட்டிலும் காத்துக்கொள்வது எளிதன்று. அவன் செய்யவேண்டியவை சில உண்டு. காபன் சமவலு குறைந்த உருக்கைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒட்டுமுன் குழாயின் வாயைச் சூடாக்கவேண்டும். அப்பொழுது வெப்பம் மெதுவாக இறங்கும், தோய்ச்சல் நடவாது. ஒரு படை உருக்கிட்டு, அது முற்றாக ஆறுமுன் மறுபடையை இடவேண்டும். பின்னிட்ட படையின் வெப்பம் முன்னிட்ட படையை இளக்கிவிடும். தடித்த சுவராயின், வேலை முடிந்தபின் ஒட்டைச் சுற்றி 600 பாகை செல்சியசு அளவிற் சூடேற்றி, சிலபொழுது வைத்து, ஆறவிடவேண்டும். கொல்லனின் இளஞ்சூடு இதுவே.

பற்றவைப்புக் கோலும் கவனத்துக்கு உரியது. கோலின் பூச்சில் ஈரம் இருந்தால் மின்வில்லிலே அது ஐதரசனாகப் பிரிந்து உருகிய உலோகத்தில் இறங்கிவிடும். வாயு ஒரு துளியும் உள்ளே வராமுன்பே ஒட்டு வெடித்துவிடலாம். அதுவும் ஒட்டிய அன்றன்று, மறுநாளோ அதற்கடுத்த நாளோ. ஆதலாற் கோல்களை அடுப்பிலே காய்ச்சி, சூட்டோடு கூட்டில் வைத்து எடுப்பதும், ஒட்டியபின் ஒன்றிரண்டு நாட்கள் பொறுத்து வெடிப்புப் பார்ப்பதும் வழக்கமாயின. நெடுந்தூரக் குழாய்வேலைக்காரர் விரும்புவதோ, மரநார்ப் பொருள் பூசிய கோலை. வேலை வெகு விரைவு. ஆயின் அது ஐதரசனை வாரி இறைப்பது. நாளொன்றுக்கு இத்தனை மைல் என்று கூலி பேசிய இடத்தில் எந்தக் கோல் வெல்லும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: ஒட்டுகிறவனின் கோல் கைதவறிக் குழாயின் மேற் பட்டு ஒரு பொறி பறந்தாலும், பட்ட இடத்திலே கடுகளவு தோய்ச்சல் நடந்துவிடுகின்றது. அந்தக் கடுகைக்கூடத் தேய்த்து நீக்கவேண்டும்.

நியமம் பிறந்து ஒன்பது ஆண்டுகளின் பின் நடந்த ஒரு கொடுமை, மறதியின் விலையைக் காட்டியது. அமெரிக்காவிலே சிக்காகோ நகருக்கு அருகில் ரோமியோவில் என்னும் இடத்தில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அங்கே வாயுவிலிருந்து ஐதரசன் சல்பைட்டைக் கழுவிப் பிரிக்கும் கொள்கலம் ஒன்று, பதினெட்டு மீற்றருக்கு மேல் உயரமான கோபுரம்போல் நின்றது. அதன் சுவர் ஓர் அங்குலத் தடிப்பு. 1970இல் வேலையைத் தொடங்கிய அக்கலத்தின் ஒரு வளையம் பழுதுபட்டமையால், 1974இல் நின்ற நிலையிலேயே அதனை வெட்டி நீக்கிப் புதிய வளையத்தைப் பற்றவைத்தனர். பற்றவைத்தபின் சூடேற்றி இளக்கவில்லை. அந்தத் தடிப்புக்கு விதிநூல் அதனைக் கட்டாயமாக்கவும் இல்லை. விதிப்படி நடந்த வேலை என்றே எவரும் கொண்டிருப்பர்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1984ஆம் ஆண்டு ஆடி மாதம் 23ஆம் திகதி மாலை, தொழிலாளி ஒருவர் கலத்தின் ஒட்டருகே ஏறக்குறைய ஆறங்குல நீளமான வெடிப்பிலிருந்து வாயு கசிவதைக் கண்டார். உள்வரும் வாயுவை அடைக்க வால்வைத் திருகினார். அவர் திருகிக்கொண்டிருக்கையிலேயே வெடிப்பு இரண்டடி நீளமாயிற்று. ஆட்களை அப்புறப்படுத்தத் தொடங்கினர். ஆலையின் தீயணைப்புப் படையினர் ஓடிவந்தனர். அவர்கள் வந்து சேர்ந்த வேளையில் கலம் குறுக்கே முற்றாகப் பிளந்து, வாயு தீப்பற்றியது. பதினான்கு மீற்றர் நீளமான மேற்பகுதி வாணம்போல் எழும்பி ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் விழுந்தது. பதினேழு பேர் மாண்டனர். அவர்களுட் பலர் தீயை அணைக்க வந்தவர்கள். அமெரிக்க அரசின் நியமப் பணியகத்து ஆராய்ச்சியாளர் உடைந்த துண்டுகளைப் பரிசோதித்தபோது, 1974ஆம் ஆண்டின் ஒட்டின் கரையிலே கடினம் 22 என்ற எல்லையை மிகக் கடந்து நின்றது தெரியவந்தது. அந்த விளிம்பிலே ஐதரசனால் விளைந்த வெடிப்பு, விபத்துக்கு முன்னரே சுவரின் தடிப்பிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஓடியிருந்தது. மிச்சமிருந்த நூலிழைச் சுவரே அந்த ஆலையையும் ஆட்களையும் அதுவரை காத்திருந்தது.

இத்தனையும் கற்றபின்னர் இனி இப்படி நடவாது என்று நம்பியிருந்தோர்க்கு 2013ஆம் ஆண்டு விடை சொன்னது. கசாக்கஸ்தானின் மேற்கே, கஸ்பியன் கடலின் வடபாகத்தில், கஷகான் என்னும் எண்ணெய் வயல் 2000ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகளிற் கிடைத்த வயல்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆயினும் இயற்கை அதனை இலகுவிற் கொடுக்கவில்லை. கடல் அங்கே மூன்று நான்கு மீற்றர் ஆழந்தான். மாரியிலே உறைந்து பனிக்கட்டியாகும். வாயுவில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் ஐதரசன் சல்பைட்டு. கற்களைக் கொட்டிச் செயற்கைத் தீவுகளை அமைத்து அவற்றின்மேல் நின்று துளைத்தனர். தீவிலிருந்து கரையிலுள்ள ஆலைக்கு, 28 அங்குல விட்டமான இரு குழாய்கள், எண்ணெய்க்கு ஒன்றும் வாயுவுக்கு ஒன்றுமாக, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 கிலோமீற்றர் நீளத்துக்கு இடப்பட்டன. உலகப் புகழ்பெற்ற நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, ஏறக்குறைய ஐயாயிரம் கோடி டொலர் செலவிட்டு, குறித்த காலத்துக்குப் பல ஆண்டுகள் பிந்தி, 2013 புரட்டாதி 11ஆம் திகதி வேலையைத் தொடங்கின.

இரண்டு வாரம் கழியவில்லை. 24ஆம் திகதி வாயுக்குழாயில் ஒழுக்கு. நிறுத்தி, திருத்தி, மீண்டும் தொடங்கினர். ஐப்பசி மாதம் 9ஆம் திகதி மறுபடியும் ஒழுக்கு. குழாயைத் தோண்டிப் பார்த்தும், உள்ளே கருவிகளைச் செலுத்திப் பார்த்தும், வெடிப்பு ஓரிடத்தில் மாத்திரமன்று, பல இடங்களில் உண்டென்று கண்டனர். நோய் பழைய நோயே: ஒட்டை அண்டிய இடங்களிற் கடினம் மிகுந்திருந்தது, கந்தக வாயு தன் வேலையைச் செய்துவிட்டது. ஜோன்சனின் கம்பியும், லாக் கிணற்றுக் குழாயும், ரோமியோவில் கலமும் அறிந்த அதே நோய்.

ஆயினும் இதிலே ஒரு புதுமையும் உண்டு. கஷகானுக்குப் பின்னர் பொறியியலாளரின் கவனம் குழாய் செய்யும் தகட்டின் மேல் திரும்பியது. புதிய காலத்து உருக்குத் தகடுகள், உருட்டும் ஆலையிலேயே நீரைப் பீச்சி விரைவாகக் குளிர்விக்கப்படுகின்றன. காபனைக் கூட்டாமற் பலத்தைக் கூட்டும் நல்ல உபாயம் அது. காபன் சமவலுவும் குறைவு. ஆனால் நீர் ஒருசீராகப் படாத இடங்களில், மேற்றோலில் மாத்திரம், ஆங்காங்கே கடினமான திட்டுக்கள் தோன்றிவிடலாம். கடினம் பார்க்கிறவர் வழக்கமாக மேற்பரப்புக்கு ஒன்றரை மில்லிமீற்றர் கீழே வைரமுனையை அழுத்திப் பார்ப்பர். திட்டோ அதனினும் மெல்லியது. சோதனைச் சீட்டில் எல்லா எண்களும் 250க்கு உள்ளே, தோலிலே ஆபத்து. அதன் பிறகே சிறிய பாரத்தோடு மேற்றோலை நெருங்கி அளக்கும் முறைகள் இத்தொழிலில் வற்புறுத்தப்பட்டன. தோய்ச்சல் பற்றவைப்பவனின் கையில் மட்டுமன்று, ஆலையின் தண்ணீர்க் குழாயிலும் நடக்கக்கூடும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

திருத்துவதற்கு ஒன்றுமில்லை, இரண்டு குழாய்களையும் முழுவதுமாக மாற்றவேண்டியதாயிற்று. புதிய குழாய்களின் உட்புறத்தே, கந்தக வாயு தீண்ட முடியாத நிக்கற் கலப்புலோகம் போர்வைபோற் பொதிக்கப்பட்டது. அடியிலுள்ள உருக்கை வாயு தொடவே வழியில்லை. அதன் ஒட்டுக்களை இடுவது சாதாரண ஒட்டிலும் பன்மடங்கு மெதுவான வேலை. கடலடியிற் பழைய குழாய் கிடக்கப் புதிய குழாய் இடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கஷகானிலிருந்து எண்ணெய் வரவில்லை. 2016ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலேதான் அங்கிருந்து முதல் எண்ணெய் ஏற்றுமதியாயிற்று.

கஷகான் குழாய்கள் மூடப்பட்ட அதே 2013 ஐப்பசியில், பிரான்சிலே லாக் வயலும் நாட்டின் வாயுக் குழாய்த் தொகுதிக்கு வாயு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அங்கே காரணம் வெடிப்பன்று. ஐம்பத்தாறு ஆண்டுகள் எடுத்தபின், கிணற்றில் வாயு தீர்ந்துகொண்டு வந்தது.